கார்த்திகை மழைக்கு ஒரு சூரிய விளக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. தென்னையும் மின்கம்பமும் சேர்ந்து சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றுக்குக் கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கானது. அப்படிப்பட்ட இரவுகளில் ஒரு வீட்டுக்கு வேண்டியது பெரிய மின்சாரம் அல்ல. உலை வைக்க, குழந்தைக்கு மருந்து ஊற்ற, வாசலில் பாம்பு கிடக்கிறதா என்று பார்த்துக் கால் வைக்க ஒரு வெளிச்சம் இருந்தால் போதும். ஒரு வாட் எல்.இ.டி. கிட்டத்தட்ட 100 லூமன் ஒளி தரும். சிம்னி விளக்கு அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

அந்த ஒரு வாட்டைப் பகலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும் விளக்கை வீட்டில் செய்யலாம். சால்டரிங் செய்யத் தெரிந்த பள்ளி மாணவரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவார். ஆனால் கையில் ஒயரை எடுக்கும் முன் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் கடலோர மாவட்டங்களில் விளக்கு மிகவும் தேவைப்படும் மாதங்களும் வானம் மூடிக் கிடக்கும் மாதங்களும் ஒன்றுதான்: ஐப்பசியும் கார்த்திகையும். சித்திரை வெயிலில் எந்தச் சூரிய விளக்கும் எரியும். நாம் செய்யும் விளக்கின் ஒவ்வொரு உறுப்பையும் கார்த்திகை அடைமழையை நினைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விளக்கில் மூன்று முக்கிய உறுப்புகள்: பேனல், பேட்டரி, எல்.இ.டி. இவற்றில் பேனலும் எல்.இ.டி.யும் அடிப்படையில் ஒரே பொருள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இரண்டிலும் இருப்பது பி-என் சந்தி. எலக்ட்ரான் மிகுந்த அடுக்கும் எலக்ட்ரான் குறைந்த அடுக்கும் ஒரே படிகத்துக்குள் ஒட்டி நிற்கும் எல்லை அது. அந்த எல்லையில் தானாகவே ஒரு மின்புலம் உண்டாகிறது. ஒளி விழுந்தால் எலக்ட்ரான்கள் கட்டு அவிழ்ந்து, அந்தப் புலத்தால் ஒரு பக்கமாகத் தள்ளப்படுகின்றன. அதுதான் பேனல் தரும் மின்சாரம். மாறாக, வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தினால், எலக்ட்ரான்கள் எல்லையைத் தாண்டி வந்து, எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களில் விழுகின்றன. விழும்போது விடும் ஆற்றல் ஒளியாகிறது. அது எல்.இ.டி. ஒரு சாதாரண சிவப்பு எல்.இ.டி.யை நல்ல வெயிலில் பிடித்து, அதன் இரு கால்களிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். ஒன்றரை வோல்ட் அளவுக்கு முள் ஏறும். விளக்கு அந்த நேரத்துக்குப் பேனலாகிவிடுகிறது.

இந்தச் சந்தியை 1940-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் கண்டார். நடுவில் விரிசல் விட்ட ஒரு சிலிக்கான் துண்டின் மீது ஒளி பட்டபோது, அவர் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான மின்னழுத்தம் எழுந்தது. அதே ஆய்வகத்தில் 1954-இல் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் 6 சதவீதத் திறனுள்ள சூரிய மின்கலத்தைச் செய்து காட்டினார்கள். இன்று மொட்டை மாடிகளில் நிற்கும் பேனல்கள் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. எல்.இ.டி.யின் பாதை இன்னும் நீளமானது. சிவப்பும் பச்சையும் எளிதில் வந்தன. நீலம் மட்டும் பல பத்தாண்டுகள் பிடிகொடுக்கவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை இல்லை, ஏனென்றால் வெள்ளை எல்.இ.டி. என்பது மஞ்சள் ஒளிரும் பாஸ்பர் பூசிய நீல எல்.இ.டி.தான். ஜப்பானில் பிறந்த அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூவர் அந்த நீலத்தை வெளியே கொண்டுவந்ததற்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வாட்டில் ஒரு வீட்டின் இரவைச் சமாளிக்கலாம் என்று இன்று சொல்ல முடிவதற்கு அவர்கள்தான் காரணம். பழைய குண்டு பல்பு ஒரு வாட்டுக்குத் தந்தது பத்துப் பன்னிரண்டு லூமன். அந்தக் கணக்கில் வீட்டில் செய்யும் சூரிய விளக்கு நடக்காத காரியம்.

இனி கணக்கு. பலரும் பேனலில் தொடங்குவார்கள்: எத்தனை வாட் பேனல் வாங்கலாம் என்று. தொடங்க வேண்டிய இடம் இரவு. ஒரு வாட் விளக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 5 வாட்-மணி செலவாகும். தொடர்ந்து மூன்று நாள் சூரியன் தலைகாட்டாவிட்டாலும் விளக்கு எரிய வேண்டும் என்றால், 15 வாட்-மணி கையிருப்பு வேண்டும். பேட்டரியை முழுக்க வற்ற விடாமல் ஐந்தில் ஒரு பங்கை மீதம் வைப்பது நல்லது. அதையும் சேர்த்தால் 19 வாட்-மணி. சந்தையில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலம் ஒன்று 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி என்று கிடைக்கிறது. பெருக்கினால் 19.2 வாட்-மணி. அளவெடுத்துத் தைத்ததுபோல் ஒரே கலம் போதும்.

ஏன் குறிப்பாக இந்தக் கலம்? லெட்-ஆசிட் பேட்டரி மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அதை வற்றிய நிலையில் சில வாரம் விட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு சார்ஜ் ஏறுவதே கடினம். மழைக்காலத்தில் அரைகுறையாக நிறைந்து நாள்கணக்கில் அப்படியே கிடப்பதுதான் நம் விளக்கின் வாழ்க்கை. அந்தப் பேட்டரிக்கு அது ஆகாது. செல்போனிலும் லேப்டாப்பிலும் உள்ள சாதாரண லித்தியம் அயான் கலம் எடை குறைவு, ஆனால் வெப்பத்துக்கும் தவறான சார்ஜுக்கும் அஞ்ச வேண்டிய பொருள். இரும்பு பாஸ்பேட் கலத்தில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் எளிதில் வெளியேறாது. அதனால் தீப்பற்றும் அபாயம் மிகவும் குறைவு. இரண்டாயிரம் முறைக்கு மேல் சார்ஜ் தாங்கும்.

இந்தப் பொருளின் வரலாற்றில் ஒரு தமிழர் இருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம் 1980-களில் விஞ்ஞானி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து, வெறும் ஆக்சைடுக்குப் பதில் சல்பேட் போன்ற அயனித் தொகுதிகளை இரும்போடு சேர்த்தால் மின்கலத்தின் வோல்ட்டேஜ் உயரும் என்று காட்டினார். அந்த வழியில் போய்த்தான் 1997-இல் பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை மின்கலப் பொருளாக அறிவித்தார்கள். 2019-இல் குட்இனஃப் தம் 97-ஆவது வயதில் வேதியியல் நோபல் பெற்றபோது, ஸ்டாக்ஹோமில் அவருக்காக நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம்தான். இரும்பும் பாஸ்பேட்டும் உலகெங்கும் மலிவாகக் கிடைப்பவை. இன்று ஒரு கிராமத்து வீட்டுக்கு நல்ல பேட்டரி எட்டும் விலையில் இருப்பதில் அந்தத் தேர்வுக்குப் பெரும் பங்குண்டு.

பேனலுக்கு வருவோம். ஒரு சிலிக்கான் கலம், எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சுமை ஏற்றும்போது அரை வோல்ட் அளவுதான் தரும். பரப்பைக் கூட்டினால் மின்னோட்டம் கூடும், வோல்ட்டேஜ் கூடாது. அதனால் கலங்களைத் தொடராக இணைக்கிறார்கள். 12 கலம் சேர்ந்தால் 6 வோல்ட் பேனல். நமக்குத் தேவை 6 வோல்ட், 5 வாட் பேனல். கடைக்காரரிடம் அப்படியே கேட்கலாம். அதன் முழு வெயில் மின்னோட்டம் சுமார் 0.8 ஆம்பியர்.

3.2 வோல்ட் பேட்டரிக்கு 6 வோல்ட் பேனல் எதற்கு என்ற கேள்வி எழும். இங்கேதான் சூரிய மின்கலத்தின் குணம் புரிய வேண்டும். மேகம் மூடும்போது பேனலின் மின்னோட்டம் ஒளியோடு சேர்ந்து நேர்விகிதத்தில் விழுகிறது. ஒளி பத்தில் ஒன்றானால் மின்னோட்டமும் பத்தில் ஒன்று. வோல்ட்டேஜ் அப்படி விழுவதில்லை, கொஞ்சம்தான் இறங்கும். ஆகவே மழைமூட்டத்திலும் 12 கலப் பேனல் பேட்டரியின் 3.3 வோல்ட்டைவிட மேலேயே நின்று, சொட்டுச் சொட்டாகவேனும் சார்ஜை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். கோடையில் நடப்பது வேறு. உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் சுமார் 0.4 சதவீதம் குறையும். ஆனால் அந்த இழப்பு முழுவதும் வோல்ட்டேஜில்தான். நம்மிடம் வோல்ட்டேஜ் உபரியாக இருப்பதால் அந்த இழப்பு பேட்டரியைத் தொடாது.

இதற்கு ஒரு விலை உண்டு. பேட்டரியோடு நேராக இணைத்தால் பேனல் தன் 6 வோல்ட்டில் வேலை செய்யாது. பேட்டரி அதைத் தன் வோல்ட்டேஜ் அருகே இழுத்துக்கொள்ளும். 0.8 ஆம்பியரை 3.3 வோல்ட்டால் பெருக்கினால் 2.6 வாட்தான். பெட்டியில் 5 வாட் என்று எழுதியிருந்தாலும் உள்ளே போவது பாதி. இந்த இழப்பைத் தவிர்க்க எம்.பி.பி.டி. என்ற சுற்று இருக்கிறது. வீட்டு மாடிப் பேனலுக்கு அது அவசியம். ஒரு வாட் விளக்குக்கு அது வேண்டியதில்லை என்பது என் கருத்து. கொஞ்சம் பெரிய பேனல் வாங்கிவிட்டால் இழப்பு ஈடாகிறது, சுற்று எளிமையாக இருக்கிறது. எளிய சுற்றைத்தான் உள்ளூரில் பழுது பார்க்க முடியும்.

ஆகவே இனி ஆம்பியர்-மணியில் கணக்கிடுவோம். விளக்கு 0.3 ஆம்பியர் வீதம் ஐந்து மணி நேரம் எரிந்தால் ஓர் இரவுச் செலவு 1.5 ஆம்பியர்-மணி. தமிழ்நாட்டில் தெளிந்த நாளின் வெயிலை முழு உச்சி வெயிலாகச் சுருக்கினால் ஐந்து மணி நேரம் தேறும். 0.8 ஆம்பியர் கணக்கில் 4 ஆம்பியர்-மணி வரவு. தூசிக்கும் கோணத்துக்கும் கழித்தாலும் 3.5 நிற்கும். ஒரு நாள் வெயில் இரண்டு இரவுக்கு மேல் தாங்கும். மேகமூட்டமான நாளில் நான்கில் ஒரு பங்கு ஒளி வந்தால் வரவு கிட்டத்தட்ட 1. நாளுக்கு அரை ஆம்பியர்-மணிதான் கையிருப்பிலிருந்து குறையும். பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 4.8. ஒன்பது நாள் ஓடும். வானம் கறுத்து, பத்தில் ஒரு பங்கு ஒளியே வந்தாலும் நான்கு நாள் தாண்டும். இதே விளக்குக்கு 2 வாட் பேனலும் 2 ஆம்பியர்-மணி பேட்டரியும் போட்டால் சித்திரையில் ஒரு குறையும் தெரியாது. கார்த்திகையில் இரண்டாம் இரவே அணைந்துவிடும்.

பேனலை வைக்கும் இடத்தில் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: நிழல். கலங்கள் தொடராக இருப்பதால் எல்லாவற்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் பாய முடியும். தீப்பிடித்த கூரைக்குக் குடம் குடமாகத் தண்ணீரைக் கைமாற்றும் வரிசையில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்னாகுமோ, அதுதான் இங்கும். ஒரு முருங்கைக் கிளையின் நிழல் ஒரே ஒரு கலத்தை மூடினாலும் பேனல் முழுதும் முடங்கும். சாய்வு அவ்வளவு முக்கியமில்லை. தெற்கு பார்த்து 15 டிகிரி சாய்த்தால் மழையே தூசியையும் காக்கை எச்சத்தையும் கழுவிவிடும்.

அடுத்தது சார்ஜர் போர்டு. இரும்பு பாஸ்பேட் கலத்துக்கு 3.6 வோல்ட்டோடு சார்ஜ் நிற்க வேண்டும். கடைகளில் அதிகம் கிடைப்பது சாதாரண லித்தியம் கலத்துக்கான 4.2 வோல்ட் போர்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், விலையும் அதேதான். மாற்றிப் போட்டால் விளக்கு சில மாதம் நன்றாக எரிந்துவிட்டுப் பேட்டரி உப்பி வீணாகும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் 3.6 என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: பேட்டரி நிறைந்ததும் சார்ஜர் கதவை மூடிவிடும், பேனல் சுமையற்று நிற்கும். அப்போது 12 கலமும் சேர்ந்து 7 வோல்ட்டைத் தாண்டும். போர்டு அதைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். இரவில் பேட்டரியின் சார்ஜ் பேனல் வழியே பின்னோக்கிக் கசியாமல் தடுக்க ஒரு டயோடும் வேண்டும். பல போர்டுகளில் அது உள்ளேயே இருக்கும். இல்லையென்றால் பேனலின் பாசிட்டிவ் ஒயரில் ஒரு ஷாட்கி டயோடு போடுங்கள். சாதாரண டயோடு 0.7 வோல்ட்டை விழுங்கும், ஷாட்கி எடுப்பது சுமார் அதில் பாதிதான். டயோடும் ஒரு சந்திதான் என்பதையும் கவனியுங்கள். ஷாட்கியில் மட்டும் ஒரு பக்கம் உலோகம்.

விளக்குப் பகுதியில் அரை வாட் எல்.இ.டி.கள் பத்தை ஒரு அலுமினியத் தகட்டில் ஒட்டிய போர்டில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 12 ஓம் ரெசிஸ்டர் போடலாம். பத்துக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போடத் தோன்றும். வேண்டாம். எல்.இ.டி.யில் வோல்ட்டேஜ் துளி கூடினாலும் மின்னோட்டம் பல மடங்கு எகிறும். பத்தில் ஏதோ ஒன்று மற்றவற்றைவிடச் சற்றுக் குறைந்த வோல்ட்டேஜில் எரியக்கூடியதாக இருக்கும். அது அதிக மின்னோட்டத்தை இழுக்கும், சூடாகும், சூடானால் அதன் வோல்ட்டேஜ் இன்னும் இறங்கி மேலும் இழுக்கும். கடைசியில் கருகிவிடும். தனி ரெசிஸ்டர் இருந்தால் இந்தப் பேராசை அங்கேயே நிற்கும். பேட்டரி 3.25 வோல்ட், எல்.இ.டி. 2.9, மீதி 0.35 வோல்ட்டை 12 ஓமால் வகுத்தால் 30 மில்லி ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. பத்துக்கும் சேர்த்து நம் 0.3 ஆம்பியர். அரை வாட் தாங்கும் எல்.இ.டி.யை அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்கில் ஓட்டுகிறோம். அதனால் சூடு ஏறாது, ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளியும் கூடும், பல ஆண்டு மங்காது.

இந்தக் கலத்துக்கு ஒரு குணம் உண்டு: முக்கால்வாசி வற்றும் வரை வோல்ட்டேஜ் 3.2-ஐ ஒட்டியே நிற்கும். விளக்கு மங்காமல் ஒரே வெளிச்சத்தில் எரியும். ஆனால் முன்னறிவிப்பும் கிடையாது. தீரும்போது சட்டென்று தீரும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் கலம் நிரந்தரமாகக் கெடக்கூடும் என்பதால், அந்த இடத்தில் தானே துண்டிக்கும் பாதுகாப்பு போர்டு ஒன்று, பி.எம்.எஸ். என்பார்கள், பேட்டரிக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். இது செலவைக் குறைக்கக்கூடிய இடம் அல்ல.

சால்டரிங் செய்யும்போது கலத்தின் முனையில் நேரடியாக அயர்னை வைக்காதீர்கள். உலோக உறை வெப்பத்தை அப்படியே உள்ளே கடத்தி, அதற்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பை உருக்கிவிடும். திருகு வைத்த முனையோடு வரும் கலத்தை வாங்குங்கள், அல்லது நிக்கல் பட்டை ஏற்கெனவே ஒட்டியதை வாங்கிப் பட்டையின் நுனியில் பற்ற வையுங்கள். ஈயம் உருகி ஒயரின் இழைகளுக்குள் தானே ஊறிப் பளபளப்பாகப் படிய வேண்டும். மணிபோல் உருண்டு மேலே உட்கார்ந்தால் ஒயர் சூடாகவில்லை என்று பொருள். அந்த இணைப்பு இன்று எரியும், ஈரம் பட்டதும் விட்டுவிடும். கடலோர ஊரென்றால் எல்லா இணைப்புகள் மீதும் சிலிக்கோன் பூசுங்கள். உப்புக்காற்று வெறும் செம்பை ஒரே மழைக்காலத்தில் பச்சையாக்கும்.

பேட்டரிப் பெட்டியைப் பேனலின் முதுகில் ஒட்டாதீர்கள். கடையில் விற்கும் ஒருங்கிணைந்த விளக்குகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. பேனலின் அடிப்பக்கம் வெயிலில் அடுப்பாகக் கொதிக்கும். பேட்டரியை இரண்டே ஆண்டில் கொல்வது பெரும்பாலும் அந்தச் சூடு. பேனல் மாடியில், பெட்டி வீட்டுக்குள் நிழலில், நடுவில் இரண்டு ஒயர். ஒயர் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும், நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பேனலைக் கையாலேயே கழற்றக்கூடிய நட் போட்டு மாட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் முதலில் உள்ளே எடுக்க வேண்டியது அது. காற்று அடங்கிய பின் மறுபடி மாட்டப் பேனல் மிஞ்சினால்தான் அடுத்த மூன்று வாரத்துக்கும் வெளிச்சம்.

பெட்டிக்குப் பசை போடாதீர்கள், திருகு போடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். குப்பைக்குப் போகும் சூரிய விளக்குகளில் பெரும்பாலும் பேனல் உயிரோடுதான் இருக்கும், எல்.இ.டி.யும் எரியும். செத்தது பேட்டரி மட்டும், அதுவும் திறக்க முடியாத பிளாஸ்டிக்குக்குள். மும்பை ஐ.ஐ.டி. பத்து லட்சம் கிராமத்து மாணவர்களுக்குச் சூரியப் படிப்பு விளக்கு கொடுத்த திட்டத்தில், விளக்குகளை உள்ளூர் மக்களே பூட்டினார்கள், பழுது பார்க்கவும் அவர்களே பழகினார்கள். ராஜஸ்தானின் திலோனியாவில் பேர்ஃபுட் கல்லூரி, பள்ளிக்கூடமே போகாத பாட்டிகளைச் சூரிய விளக்குப் பொறியாளர்களாகப் பயிற்றுவித்திருக்கிறது. கொடுத்த விளக்கு கெட்டால் ஊரிலேயே ஒருவர் திறந்து பார்க்க முடிய வேண்டும் என்ற எண்ணம்தான் இரண்டிலும். நீங்கள் செய்யும் பெட்டியின் உள்மூடியில் சுற்றின் படத்தை வரைந்து ஒட்டுங்கள். பேட்டரி மீது வாங்கிய மாதமும் ஆண்டும் எழுதுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு அது போதும்.

செய்து முடித்த விளக்கை அவசரத்துக்கென்று பரண்மேல் போட்டுவிடாதீர்கள். பாதுகாப்பு போர்டே துளித்துளியாகச் சார்ஜைக் குடித்துக்கொண்டிருக்கும். வேண்டிய நாளில் எடுத்தால் எரியாது. திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ தினமும் எரியட்டும். ஓர் இரவுக்குக் கால் பங்கு சார்ஜ் செலவாவது இந்தக் கலத்துக்கு ஒரு சுமையே அல்ல. பிறகு ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில், மழை தொடங்குமுன், ஒரு சோதனை செய்யுங்கள். பேட்டரி நிறைந்த நாளில் பேனலைச் சாக்கால் முழுக்க மூடி, விளக்கை இரவுக்கு ஐந்து மணி நேரம் வீதம் எரியவிடுங்கள். மூன்றாம் இரவும் முழு வெளிச்சத்தில் தாண்டினால் விளக்கு கார்த்திகைக்குத் தயார். இரண்டாம் இரவிலேயே அணைந்தால் கலத்தின் கொள்ளளவு பாதிக்கு வந்துவிட்டது. திருகுகளைக் கழற்றிப் புதியதைப் போடுங்கள். பழையதைக் குப்பையிலோ நெருப்பிலோ எறிய வேண்டாம். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. விற்ற கடையிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடலாம்.